இலவச வரைபடம் யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டின் உட்புறத்தை அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சுவர் வண்ணம், திரைச்சீலை, சிறிய அறையைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி எனப் பயனுள்ள செய்திகள் அதில் இருந்தன. ஆனால் கட்டுரையின் இறுதியில் வாசகர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு யோசனையைப் படித்த பிறகு, உள்ளக வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வரும் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. வடிவமைப்புக்கென்று தனியாகக் கட்டணம் கேட்காத நிறுவனமாகப் பார்த்து வேலையை ஒப்படைத்தால் செலவு மிச்சமாகும் என்பதே அந்த யோசனை. கட்டுரையாளர் நல்லெண்ணத்துடன்தான் அதை எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை நம்பி வேலையைத் தொடங்கும் குடும்பம், மிச்சப்படுத்தியதாக நினைத்துக்கொள்ளும் தொகையைவிடக் கூடுதலான தொகையை வேறு வழியில் கொடுக்கிறது என்பதை விளக்கவே இக்கடிதம்.

ஒரு வீட்டின் உட்புறத்தை வடிவமைப்பது பல வாரங்கள் பிடிக்கும் உழைப்பு. அந்த உழைப்புக்கு யாராவது ஒருவர் கூலி கொடுத்தே ஆக வேண்டும். வீட்டுக்காரர் நேரடியாகக் கொடுக்காதபோது, பிளைவுட், அதன்மேல் ஒட்டும் மெல்லிய தகடான லேமினேட், டைல்ஸ், விளக்கு, குழாய், கீல் என்று வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் அந்தக் கூலி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப்படுகிறது. அல்லது அப்பொருள்களை விற்கும் கடைக்காரர் வடிவமைப்பாளருக்குப் பின்னால் தரும் கமிஷனாக மாறுகிறது. இரண்டு வழியிலும் பணம் புறப்படும் இடம் வீட்டுக்காரரின் பைதான். கட்டணமாகக் கொடுத்திருந்தால் அது எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எதற்காகக் கொடுத்தோம் என்று கேட்கும் உரிமையும் இருந்திருக்கும். விலைக்குள் ஒளிந்துகொண்ட பிறகு இரண்டும் இல்லை.

பணம் எவ்வளவு கூடுகிறது என்பதைவிட, அது முடிவுகளை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதே என் பெரிய கவலை. எங்கள் தொழிலில் ஒருவர் தரக்கூடிய மிக நல்ல ஆலோசனைகளில் பாதி, ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று சொல்பவை. இந்தச் சுவரில் அலமாரி வேண்டாம், இந்த அறைக்கு ஃபால்ஸ் சீலிங் தேவையில்லை, இருக்கும் மேசையை இழைத்து மெருகேற்றினால் போதும் என்பன போன்ற ஆலோசனைகள் அவை. வாங்காத பொருளுக்கு எந்தக் கடையும் கமிஷன் கொடுப்பதில்லை. செய்யாத அலமாரியில் எந்த உற்பத்தியாளருக்கும் லாபம் இல்லை. ஆகவே, பொருளை விற்றுத்தான் சம்பளம் வர வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடமிருந்து ‘வேண்டாம்’ என்ற சொல்லை எதிர்பார்ப்பது அவருக்கே நாம் செய்யும் அநியாயம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நீளமும் அகலமும் 3000 மி.மீ. உள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். தலைப்பலகையுடன் சேர்த்துக் கட்டிலின் நீளம் 2100 மி.மீ. கட்டிலின் கால்மாட்டுக்கு எதிர்ச்சுவர் முழுவதையும் அடைத்துத் துணி அலமாரி செய்தால் படத்தில் மிகவும் எடுப்பாக இருக்கும். தோள்பட்டை அகலத்துச் சட்டைகள் தாங்கியில் நேராகத் தொங்குவதற்கு அலமாரியின் ஆழம் 600 மி.மீ. வேண்டும். இரண்டையும் கழித்தால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே எஞ்சுவது 300 மி.மீ. கீல் வைத்த 450 மி.மீ. அகலக் கதவு அங்கே பாதிகூடத் திறவாது. நகரும் கதவு போட்டால் திறக்கும், ஆனால் அதன் முன்னால் நின்று குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணியை எடுக்க முடியாது. 1500 மி.மீ. அகலமுள்ள அதே கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ப் பக்கச் சுவரில் அலமாரியை வைத்தால் நடுவில் 900 மி.மீ. கிடைக்கும், கதவும் திறக்கும், ஆளும் நிற்கலாம். ஆனால் அந்தப் பக்கச் சுவரில் வாசற்கதவு திறந்து வந்து நிற்கும் இடத்தை விட்டுத்தான் அலமாரி செய்ய முடியும் என்பதால் அதன் நீளம் குறையும், விற்கும் பலகையும் குறையும். கட்டணம் வாங்கிக்கொண்டு வரைபவர் இரண்டாவது வழியைச் சொல்வதற்குத் தடையே இல்லை. பலகையின் பரப்பளவைக் கணக்கிட்டு ஊதியம் பெறுபவர் முதல் வழியைத்தான் முதலில் காட்டுவார்; வீட்டுக்காரரும், பாவம், அதன் படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடுவார்.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவச வடிவமைப்பு என்ற பெயரில் பெரும்பாலும் கையில் தரப்படுவது கணினியில் உருவாக்கிய முப்பரிமாணப் படம். இரண்டே நாளில் வந்துவிடும். பார்ப்பதற்குப் புகைப்படம் போலவே இருக்கும். அதில் அறை விசாலமாகத் தெரிவதற்குக் காரணம், ஒரு மனிதர் நிற்கவே முடியாத இடத்தில், அதாவது சுவருக்கு அப்பால், கேமராவை வைத்து அகன்ற கோணத்தில் அறையைப் பார்ப்பதுதான். எந்த விளக்கிலிருந்தும் புறப்படாத வெளிச்சம் மூலைமுடுக்கெல்லாம் பரவியிருக்கும். சோபாவை ஒரு கை அளவு சுருக்கி வைத்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. சுவரில் சுவிட்ச்போர்டு இருக்காது, தொலைக்காட்சிக்குப் பின்னால் வயர் இருக்காது, ஏ.சி.யிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் இருக்காது, துடைப்பம் வைக்க இடமும் இருக்காது. வாழும் வீட்டில் இவையெல்லாம் உண்டு. படத்தை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, அலமாரி வந்து நிற்கும் நாளில்தான் சுவிட்ச்போர்டு அதன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது தெரியவரும். பிறகு பலகையில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, அதற்குள் கையை விட்டு விளக்குப் போடும் வாழ்க்கை தொடங்கும்.

வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படுவது அளவுகள் குறிக்கப்பட்ட செயல்முறை வரைபடம். தரைப்படம், ஒவ்வொரு சுவரின் நேர்முகத் தோற்றம், குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் வெட்டுத் தோற்றம், மின்இணைப்புப் படம், குழாய்ப் படம், சீலிங் படம், எந்த இடத்தில் எந்தப் பொருள் என்ற பட்டியல் ஆகிய அனைத்தும் சேர்ந்தது அது. பார்ப்பதற்கு வறட்சியாக இருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் எடுத்துக் காட்டிப் பெருமைப்பட முடியாது. ஆனால் தச்சரும் மின்பணியாளரும் பிளம்பரும் ஒரே நேரத்தில் மூன்று வேறு வீடுகளைக் கட்டாமல் ஒரே வீட்டைக் கட்டுவது அந்தத் தாள்களால்தான்.

அந்தத் தாளில் வரும் ஓர் எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். அலமாரி பொருந்த வேண்டிய இரு சுவர்களுக்கு இடையிலுள்ள அகலத்தைத் தரையருகே ஒருமுறை, இடுப்பு உயரத்தில் ஒருமுறை, மேலே ஒருமுறை என்று மூன்று இடங்களில் அளக்கிறோம். மூன்றும் ஒன்றாக இருந்தால் அது அபூர்வமான கொத்துவேலை. பெரும்பாலும் 5 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை வித்தியாசம் வரும். அறையின் மூலைகள் செங்கோணத்தில் இருக்கின்றனவா என்பதை அறியக் குறுக்கே மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடுகிறோம். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டம் பார்க்கிறோம். பிறகு, கிடைத்ததில் மிகக் குறைந்த அகலத்தை எடுத்துக்கொண்டு, அதிலும் சற்றுக் குறைத்து அலமாரியின் பெட்டியை வரைந்து, எஞ்சும் கோணல் இடைவெளியை மறைக்கச் சுவரின் வளைவுக்கேற்பச் செதுக்கிப் பொருத்தும் பட்டையைக் குறிக்கிறோம். சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்டிங் பட்டை எத்தனை மி.மீ. புடைத்திருக்கிறது, சன்னல் கதவு உட்புறம் திறக்கிறதா, திறந்தால் எதை இடிக்கும் என்பதெல்லாம் இதே கணக்கில் வருகின்றன. சீலிங்கில் பதிக்கும் விளக்குகளை மின்விசிறியின் இறக்கைகளுக்கு மேலே வரும்படி வைத்துவிட்டால், விசிறி சுழலும்போதெல்லாம் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி அறை முழுவதும் நிழல் துடித்துக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் படித்தாலே தலைவலி வரும். அதைத் தாளில் தவிர்ப்பதற்கு ஒரு வட்டத்தை நகர்த்தினால் போதும். சீலிங் மூடி வண்ணம் அடித்த பிறகு தவிர்ப்பதற்கு ஆகும் செலவை நான் சொல்ல வேண்டியதில்லை.

அளப்பதற்கு முன்பே கேட்பது இருக்கிறது. வீட்டில் யார் சமைக்கிறார், அவருடைய முழங்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது கைப் பழக்கம் உள்ளவரா, முழங்கால் வலி உள்ள பெரியவர் யாராவது கீழ் இழுப்பறையைத் திறக்க வேண்டியிருக்குமா என்று கேட்போம். சமையல் மேடையைப் பொதுவாக 850 முதல் 900 மி.மீ. உயரத்தில் அமைக்கிறார்கள். ஆனால் நின்று காய் நறுக்குபவரின் முழங்கையிலிருந்து 100 முதல் 150 மி.மீ. தாழ்வாக மேடை இருந்தால்தான் தோள் தூக்கிக்கொள்ளாமலும் முதுகு வளையாமலும் வேலை செய்ய முடியும் என்பதால், பொது அளவு அந்த வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதேபோல் வெளிச்சம். 60 வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்ணியல் சொல்கிறது. மகன் தேர்ந்தெடுத்த மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் தாயார் மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாமல் போவது இதனால்தான். இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு வீட்டாருடன் பலமுறை உட்கார்ந்து பேச வேண்டும். பேசும் நேரத்துக்கு ஊதியம் இல்லையென்றால் பேச்சு குறைந்துவிடும், ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் மாதிரிகளில் ஒன்றை எடுத்து நீட்டுவது எளிதாகிவிடும்.

உலகில் பெயர் பெற்ற ஒரு சமையலறை எப்படிப் பிறந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில், கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மே தலைமையில் நடைபெற்ற பெரும் குடியிருப்புத் திட்டத்துக்காக, வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்ட அந்த அறைக்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலிடத்தை. சமைப்பவரின் ஒவ்வோர் அசைவுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்த ஆய்வுகளின் அடிப்படையில் அடுப்பு, தொட்டி, மேடை ஆகியவற்றின் இடங்கள் முடிவாயின. மாவு வைக்கும் இழுப்பறைகளைப் புழு அண்டாமல் இருப்பதற்காக ஓக் மரத்திலும், கறையும் கத்தித் தடமும் எளிதில் படியாதிருப்பதற்காக நறுக்கும் பலகையை பீச் மரத்திலும் அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தப்பட்ட அந்தச் சமையலறையில் குறைகளும் உண்டு. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடியதாக இருந்ததால் வீட்டு வேலையை ஒரு பெண்ணின் தலையிலேயே கட்டிவிட்டது என்ற விமரிசனம் பின்னாளில் எழுந்தது, அது நியாயமானதும்கூட. ஆனால் அங்கே வடிவமைப்பாளருக்குச் சம்பளம் கொடுத்தது நகராட்சி. ஓக் பலகை விற்பவர் அல்லர். அதனால்தான் ஓக் மரம் தேவைப்பட்ட இழுப்பறைக்கு மட்டும் ஓக் மரம் வந்தது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அழகும் விலையும் மட்டுமே சம்பந்தப்பட்டிருந்தால் இந்த விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உடல்நலமும் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. பிளைவுட், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., மரத்தூளையும் சிறு மரத்துணுக்குகளையும் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு ஆகிய பலகைகளில் மரத்தை ஒட்டுவதற்குப் பயன்படும் பசைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் இந்த வேதிப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசை விலை குறைந்தது. ஈரமும் வெப்பமும் கூடக்கூட அதிலிருந்து ஆவி வெளியேறுவதும் கூடும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை விலை கூடியது; கொதிநீரையும் தாங்கும், ஆவியும் மிகக் குறைவு. லேமினேட் ஒட்டி முடித்த பிறகு இரண்டு பலகைகளுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாது. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் எந்தப் பலகை போகிறது, குழந்தையின் படுக்கையறையில் எந்தப் பலகை போகிறது, கண்ணுக்குத் தெரியாத பின்பக்க விளிம்புகளையும் எட்ஜ் பேண்டிங் என்னும் மெல்லிய பட்டை கொண்டு மூட வேண்டுமா என்ற முடிவுகளை, பலகையின் விலை வித்தியாசத்திலிருந்து லாபம் எடுக்க வேண்டிய ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

தீயைப் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டும். 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊரிலிருந்த ஸ்டேஷன் என்னும் இரவு விடுதியில் 100 பேர் உயிரிழந்தனர். ஓசை வெளியே போகாதிருப்பதற்காக மேடையைச் சுற்றிய சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த பாலியுரத்தேன் நுரைப்பஞ்சில் வாணவேடிக்கைப் பொறி பட்டதும் சில நிமிடங்களில் கட்டடம் முழுவதும் நச்சுப் புகை சூழ்ந்தது. சுவரில் எதை ஒட்டுகிறோம் என்பது ஓர் அலங்கார முடிவு என்று எண்ணுவோர் அந்த நிகழ்வின் விசாரணை அறிக்கையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வீடுகளிலும் இன்று சுவருக்கு மெத்தை போன்ற உறை போடுகிறார்கள், அடுப்புக்கு அருகில் பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டுகிறார்கள். அது எந்த அளவுக்குத் தீயைத் தாங்கும் என்று கேட்பவர் குறைவு. கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த விற்பனையாளர் அதைவிடக் குறைவு.

கமிஷன் என்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இத்தொழிலை அமெரிக்காவில் ஒரு தொழிலாகவே நிலைநாட்டியவர்களுள் முன்னோடியாகக் கருதப்படும் எல்சி டி வுல்ஃப், 1905ஆம் ஆண்டில் நியூயார்க்கின் காலனி கிளப் என்ற பெண்கள் மன்றத்தின் உட்புறத்தை அமைக்கும் பணியை ஏற்றதன் மூலம் புகழ்பெற்றார். பின்னாளில் ஹென்றி கிளே ஃபிரிக் என்ற பெருஞ்செல்வரின் மாளிகைக்கு மேல்மாடி அறைகளை அமைத்துக் கொடுத்தபோது, வாங்கித் தரும் பொருள்களின் விலையில் ஒரு விழுக்காடு அவருக்கு ஊதியமாக முடிவாயிற்று. அந்த ஒப்பந்தம் இருவருக்கும் தெரிந்து நடந்தது. இப்போதும் பல நாடுகளில் வடிவமைப்பாளர்கள் உற்பத்தியாளரிடம் தள்ளுபடி விலையில் வாங்கி, அதன்மேல் ஒரு தொகை சேர்த்து வாடிக்கையாளருக்குக் கணக்குக் கொடுக்கிறார்கள். எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்தால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். இருந்தாலும், விலை உயர்ந்தால் ஊதியமும் உயரும் என்ற ஏற்பாடு வெளிப்படையாக இருந்தாலும் கூட ஒரு சாய்வை உண்டாக்கும் என்பதே என் கருத்து. மறைவாக நடந்தால் அதற்குப் பெயர் வேறு. மருந்துக் கடையில் பங்கு வாங்கும் மருத்துவர் எழுதித் தரும் சீட்டை நாம் எந்தக் கண்ணோடு பார்ப்போமோ, அந்தக் கண்ணோடுதான் கடையில் கமிஷன் வாங்கும் வடிவமைப்பாளரின் பொருள் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

வடிவமைப்பும் உற்பத்தியும் ஒரே கூரையின் கீழ் செய்யும் நிறுவனங்கள் அனைத்தும் ஏமாற்றுகின்றன என்று நான் சொல்லவில்லை. தங்கள் தொழிற்சாலையில் துல்லியமாக வெட்டி, விளிம்பு ஒட்டி, குறித்த நாளில் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போகும் நல்ல நிறுவனங்களை நான் அறிவேன். அவர்களுடன் சேர்ந்து வேலையும் செய்திருக்கிறேன். அவர்கள் செய்யும் பெட்டிகள் நன்றாக இருக்கின்றன. அந்தப் பெட்டி அந்த இடத்தில் வேண்டுமா என்ற கேள்வியை அவர்களிடமே கேட்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தனிக் கட்டணம் கொடுத்து வடிவமைப்பாளரை அமர்த்துவது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே இயலும் என்று வாசகர்கள் கருதலாம். முழு வீட்டுக்கும் தொடக்கம் முதல் இறுதி வரை மேற்பார்வையுடன் அமர்த்துவது செலவுள்ள காரியம்தான். ஆனால் எங்கள் பணியைப் பகுதி பகுதியாகவும் பெற்றுக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் அழைக்கலாம். சமையலறைக்கும் மின்இணைப்புக்கும் மட்டும் வரைபடம் வாங்கிக்கொண்டு, தாங்கள் நம்பும் தச்சரை வைத்து வேலையை முடிக்கலாம். நன்றாக வரைந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அனுபவமுள்ள தச்சர் அதை வெகு விரைவில் புரிந்துகொள்வார்; சில நேரங்களில் எங்களைத் திருத்தவும் செய்வார். ‘கீலை இந்தப் பக்கம் போட்டா கைப்பிடி ஃபிரிட்ஜ்ல இடிக்குமே சார்’ என்று தாளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் தச்சர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருத்தம் தாளில் இருக்கும்போது வந்தால் ஒரு கோட்டை அழித்தால் முடிந்துவிடும். மேலும், பலகைகளை எப்படி வெட்டுவது என்ற படத்தை முன்கூட்டியே தயாரித்தால், 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு முழுப் பலகையிலிருந்து எத்தனை துண்டுகள் எடுக்கலாம், மர இழையின் திசை மாறாமல் எடுக்க முடியுமா என்று தெரிந்துவிடும். அலமாரித் தட்டின் ஆழத்தைச் சில மி.மீ. குறைத்தாலே ஒரு பலகைக்கு ஒரு துண்டு கூடுதலாகக் கிடைக்கும் நேரங்கள் உண்டு. வரைபடத்துக்குக் கொடுத்த கட்டணத்தின் ஒரு பகுதி அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் தொழிலில் பல முறைகள் உள்ளன. மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்பது பரவலான முறை. நான் மேலே சொன்ன சாய்வு அதிலும் உண்டு என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. பரப்பளவைக் கொண்டு கணக்கிடுவது எளிது, ஆனால் ஒரு சிறிய குளியலறைக்கு ஆகும் உழைப்பு ஒரு பெரிய கூடத்துக்கு ஆகாது. அளவெடுத்தல், முதல் திட்டம், செயல்முறை வரைபடம், மேற்பார்வை என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிலையான தொகையை எழுதிக்கொள்வதே இருவருக்கும் பாதுகாப்பானது. முதல் கட்டத்திலேயே ஒத்துவரவில்லை என்றால் கணக்கை முடித்துக்கொண்டு நட்புடன் பிரிந்துவிடலாம். எத்தனை முறை மாற்றம் கேட்கலாம், அதற்குமேல் கேட்டால் கூடுதல் தொகை உண்டா என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். இதை எழுதாமல் விட்டதால் முறிந்த உறவுகள் அதிகம்.

எழுத்து மூலமான ஒப்பந்தத்தை நான் வலியுறுத்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உலகின் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் தம்மை உள்ளக வடிவமைப்பாளர் என்று அழைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் கட்டடக் கலைஞர் என்ற பட்டத்துக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, எங்கள் பட்டத்துக்கு இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் 1982ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுபடுகிறது. உரிமம் காக்காத இடத்தில் ஒப்பந்தத் தாள்தான் வீட்டுக்காரரைக் காக்க வேண்டும். எங்களுக்குள்ளும் சிலர் கட்டணமும் வாங்கிக்கொண்டு கடையில் கமிஷனும் வாங்குகிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்களைத் தடுப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பொருள்களுக்கான பில்களைக் கடை நேரடியாக வீட்டுக்காரரின் பெயரிலேயே தர வேண்டும், வேறு எவரிடமிருந்தும் இப்பணிக்காகத் தொகை பெறவில்லை என்று வடிவமைப்பாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் போதும். கையெழுத்திடத் தயங்குபவரை அப்போதே அடையாளம் கண்டுகொள்ளலாம். கையெழுத்திட்டவர் ஒரு குறிப்பிட்ட கடையைப் பரிந்துரைத்தால், அது அந்தக் கடையின் பொருளை அவர் நம்புவதால்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தங்கள் வார இணைப்பு வாசகர்களிடம் பெற்றிருக்கும் நம்பிக்கையை நான் அறிவேன். அதில் வந்த படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பலர். அதனால் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வடிவமைப்பு இலவசம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களைப் பற்றிய கட்டுரைகளில், அந்த வடிவமைப்பில் அளவுகளுடன் கூடிய செயல்முறை வரைபடங்கள் அடங்குமா, வேலையை வேறு ஒருவரிடம் கொடுக்க விரும்பினால் அவற்றை வீட்டுக்காரர் எடுத்துச் செல்ல முடியுமா என்ற கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் பதிலையும் அச்சிட வேண்டும். மேலும், இனி வெளியிடும் ஒவ்வோர் அழகிய அறைப் படத்துக்கும் பக்கத்தில், கட்டில் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நடக்க எத்தனை மி.மீ. இருக்கிறது என்பதைக் காட்டும் சிறிய தரைப்படம் ஒன்றையும் வெளியிட வேண்டும். தேவைப்பட்டால் அத்தகைய தரைப்படங்களை அளவு சரிபார்த்து வரைந்து தர என்னைப் போன்றவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
உள்ளக வடிவமைப்பாளர்